லூர்துராஜின் டியூப்களைக் கழுவியவன்

செய்தி எனக்கு மூன்றாவதாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, எம்.கே.பி. நகரில் எங்கள் தெருமுனை சலூனில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது எங்கள் ஆய்வக மேலாளர் சுந்தரம் சார் போன் செய்தார். ராயபுரத்தில் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த லூர்துராஜ், மார்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாராம். அப்புறம் எழுந்திருக்கவில்லை. “ரிசப்ஷன்ல சொல்லிட்டேன், டிரைவருக்கும் சொல்லிட்டேன். அடுத்து உங்களுக்குத்தான் போட்டேன், கௌதமன்” என்றார் சார். இத்தனை வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவன் நான். எனக்கு மூன்றாம் இடம். அழுகை வருவதற்கு முன் எனக்கு அந்தக் கோபம்தான் வந்தது. லூர்து இருந்திருந்தால் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

நினைவுக் கூட்டத்தில் படிக்க நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அவருடைய அன்பைப் பற்றியும் பண்பைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். அதற்கு ஆள் நிறைய. நான் அவர்மேல் பொறாமைப்பட்டவன். அதை நான் ஒளித்ததும் இல்லை, அவர் அறியாததும் இல்லை. ஒருவரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கப் பொறாமையைவிட நல்ல காரணம் கிடையாது என்பதால், அவரைப் பற்றி எழுத எனக்கே அதிக உரிமை என்று நினைக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில், கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கன்டெய்னர் யார்டு மட்டும் இருக்கும் இடத்தில், உணவுப் பொருள்களைச் சோதிக்கும் தனியார் ஆய்வகம் ஒன்றில் நாங்கள் இருவரும் எண்ணெய்ப் பிரிவு. துறைமுகத்துத் தொட்டிகளிலிருந்து பாமாயில் வரும், சூரியகாந்தி வரும். செக்குக்காரர்களிடமிருந்து நல்லெண்ணெய் வரும். வயலில் புல்லைக் கொல்ல அடித்த மருந்து எள்ளுக்குள்ளோ கடலைக்குள்ளோ புகுந்து எண்ணெய்வரை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் துளியில் துளிதான் இருக்கும். எண்ணெயை டியூபில் எடுத்து, அதோடு ஒரு கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கினால் மருந்து கரைப்பானுக்கு மாறும். ஆனால் கொஞ்சம் கொழுப்பும் கூடவே வந்துவிடும். அந்தக் கொழுப்பு கருவிக்குள் போனால் கருவி படுத்துக்கொள்ளும். அதனால் டியூபை ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். கொழுப்பு நெய்போல வெள்ளையாக உறைந்து அடியில் தங்கும். மேலே தெளிவாக நிற்கும் கரைப்பானை மட்டும், அடியைக் கலக்காமல் ஊற்றி எடுக்க வேண்டும். வெளியே எடுத்துத் தாமதித்தால் கொழுப்பு இளகிவிடும், அவசரப்பட்டால் கலங்கிவிடும்.

நாங்கள் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவரும் எம்.எஸ்ஸி. வேதியியல், மதிப்பெண் எனக்குத்தான் கூடுதல் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். முதல் நாள் எங்கள் கையைச் சோதிக்க, சுந்தரம் சார் சுத்தமான எண்ணெயில் தெரிந்த அளவு களைக்கொல்லியை அவரே கலந்து, ஆளுக்குப் பாதி கொடுத்தார். போட்டதில் எவ்வளவைத் திரும்ப எடுக்கிறோம் என்று பார்ப்பதற்கு எங்கள் பேச்சில் ரெகவரி என்று பெயர். லூர்துவுடைய ரெகவரி என்னுடையதைவிடக் கூடுதலாக வந்தது. அன்று அதைத் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் தற்செயல் என்றே நினைத்தேன்.

“இன்னா நைனா, மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற?” என்று தோளில் கை போட்டார். “ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல. ஊத்துறதுலதான் எல்லாமே கீது. மத்ததெல்லாம் சும்மா.”

அந்தச் சொல்லை நான் நம்பினேன். அன்றிலிருந்து அவர் ஊற்றும்போது பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். டியூபை அவர் வெளியே கொண்டுவர மாட்டார். ஃப்ரீசரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் அந்தக் குளிருக்குள் நுழைத்து, மூச்சை அடக்கி ஊற்றுவார். நானும் தலையை நுழைத்தேன். நானும் மூச்சை அடக்கினேன். அவருடைய விரல் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது, மணிக்கட்டு எப்படிச் சாய்கிறது என்று அணு அணுவாகப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவரைப்போலவே ஊற்றவும் கற்றுக்கொண்டேன். ரெகவரி மட்டும் அவரைப்போல வரவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் எண்ணெயை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாகச் சோதிப்பதுதான் முறை. இரண்டு பேருடைய எண்ணும் ஒத்துவந்தால்தான் அறிக்கை வெளியே போகும். ஒவ்வொரு தொகுதியோடும் மருந்து கலந்த எண்ணெய் ஒன்றும் இருக்கும். அதில் யாருடைய ரெகவரி குறைவோ அவர் இரண்டு பேருடைய டியூப்களையும் கழுவ வேண்டும். இந்தப் பந்தயத்தை ஆரம்பித்தவர் லூர்து. வென்றவருடைய டியூப்கள் கிழக்கு ஜன்னலில், கடற்காற்றில் ஜம்மென்று காயும். தோற்றவருடையது தொட்டிக்குப் பின்னால் இருட்டுத் தட்டில். கழுவியவன் நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி டியூப், சோப்பு, வெந்நீர், கடைசியில் கரைப்பான் அலசல் என்று வாழ்க்கை போயிற்று.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவர் டியூபைக் குலுக்கும்போது பாடுவார், அதுதான் பொறுக்காது. ராயபுரத்துத் திருவிழாக்களில் கொடிமரத்தைச் சுற்றிப் பாடிப் பழகிய குரல். சொற்களெல்லாம் அவரே கட்டியது. சுந்தரம் சாரின் வழுக்கை, கேன்டீன் சாம்பார், என் முகம் எல்லாம் அதில் வரும். அவர் குலுக்க ஆரம்பித்தால் தண்ணீர்ப் பிரிவு, மசாலாப் பிரிவு என்று அத்தனை பேரும் வாசலில் வந்து நின்றுகொண்டு தாளம் போடுவார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு எதையாவது கழுவுவேன். அவர் பாடிய எத்தனையோ நாள்களில் ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கும்தான் குரல் இருக்கிறது. யாரும் கேட்டதில்லை.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி ஆக்னஸ் செய்து அனுப்பும் கல்கல் பலகார டப்பா எங்கள் வீட்டில் இரண்டு நாள் தாங்காது. ஏப்ரல் பதினாலுக்கு நாங்கள் கொடுக்கும் பாயசத்தை அவரும் ருசித்துத்தான் குடிப்பார். ஆனால் அதைப் பற்றி ஆய்வகத்தில் யாரும் பேசுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது என் மகள் வேதியியல் சந்தேகங்களை லூர்து மாமாவிடம் போனில் கேட்பாள். அப்பன் நான் அதே வேதியியலைப் படித்துவிட்டு அதே அறையில் உட்கார்ந்திருப்பேன். “மாமா சொன்னா சிரிச்சிகினே புரியுதுப்பா. நீ சொன்னா திட்டுற மாரியே கீது” என்றாள். என் மனைவி அதற்குத் தலையாட்டினாள். அந்த வாரம் முழுவதும் நான் லூர்துவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் சரோஜா அம்மாவின் எண்ணெய் வந்தது.

சரோஜா அம்மா வியாசர்பாடியில் செக்கு போட்டு நல்லெண்ணெய் ஆட்டி விற்பவர். பெரிய கடை ஒன்று அவருடைய எண்ணெயை எடுத்துக்கொள்ளச் சம்மதித்து, சோதனை அறிக்கை மட்டும் கேட்டிருந்தது. அதற்காக ஆட்டிய தகர டப்பாக்கள் வீட்டை அடைத்துக்கொண்டு நின்றன. வழக்கம்போல ஆளுக்குப் பாதி. என் பாதியில் ஒன்றும் இல்லை. லூர்துவின் பாதியில் களைக்கொல்லி. அனுமதித்த அளவுக்கு மேலேயே இருந்தது.

திரும்பச் செய்தோம். திரும்பவும் அப்படியே. எதுவும் கலக்காத வெறும் கரைப்பானைச் சோதித்துப் பார்ப்பது தோற்றவன் வேலை, அதனால் அதை என் டியூபில் நான்தான் செய்தேன். அது சுத்தமாக வந்தது. ஆகவே தவறு கரைப்பானில் இல்லை, கருவியில் இல்லை. மிச்சம் இருந்தது என் கை. ஒருவர்கூட வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. சுந்தரம் சார் மட்டும் மெதுவாக, “லூர்து போட்டா சரியா இருக்கும், கௌதமன். உங்களோடதுல மருந்து வெளிய வராம நின்னுருக்கும்” என்றார்.

சரோஜா அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சார் போய்ச் சொன்னதும் உள்ளேயே வந்துவிட்டார். “எள்ளு வாங்கும்போதே அந்த விவசாயியை நூறு கேள்வி கேட்டு வாங்கினேன் சார். என் கண்ணு முன்னாலதான் ஆட்டினேன். இதுல எங்கந்து சார் மருந்து வந்துச்சு? கடக்காரரு ஒருவாட்டி வேணாம்னுட்டா அப்பால என்னை வாசல்ல கூட சேத்துக்க மாட்டாரு” என்று லூர்துவைப் பார்த்துத்தான் சொன்னார். என் எண் அவரைக் காப்பாற்றுகிற எண். என்னை அவர் பார்க்கவே இல்லை.

எனக்கு அப்போது வந்த யோசனை அறிவியலிலிருந்து வந்ததல்ல. இவருடைய டியூபில்தான் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, என்னைவிட நல்ல கண்ணாடியைத் தனக்கென்று பொறுக்கி வைத்திருக்கிறார் என்கிற சந்தேகம் எனக்கு வருடக்கணக்காக உண்டு. அதைச் சோதிக்க இதுதான் நேரம் என்று தோன்றியது.

“லூர்து, உன் டியூப்ப எனக்குக் குடு. என்னுது நீ எட்த்துக்க” என்றேன்.

“எதுக்கு நைனா?”

“குடுன்னா குடு.”

டியூப் ஸ்டாண்டை என் பக்கம் நகர்த்தினார். மாற்றிக்கொண்டு செய்தோம். மறுநாள் காலை கருவி சொன்ன பதிலை இருவரும் சேர்ந்து பார்த்தோம். இந்த முறை மருந்து என் பாதியில் இருந்தது. அவருடைய பாதி சுத்தம். எண்ணெயில் இல்லை, கையில் இல்லை, டியூபில்தான் இருக்கிறது.

லூர்து நேராகக் கிழக்கு ஜன்னலுக்குப் போனார். அவருடைய மிச்ச டியூப்கள் கடலைப் பார்த்து வாய் திறந்து சாய்ந்திருந்தன. ஜன்னலுக்குக் கீழே, யார்டின் சுற்றுச்சுவர் ஓரமாக, முதுகில் டேங்க் மாட்டிய ஒருவர் முளைத்த புல்லின்மேல் அன்றும் மருந்து அடித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். கடற்காற்று அந்தச் சாரலை அப்படியே எங்கள் ஜன்னலுக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது. வென்றவருக்கென்று ஒதுக்கிய நல்ல இடத்தில் காய்ந்த டியூபெல்லாம் மருந்து குடித்திருந்தது. தோற்றவனுடைய டியூப்கள் இருட்டுத் தட்டில் சுத்தமாக இருந்தன. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சரி, அவர் தவறு.

லூர்து அந்த நிமிடமே சுந்தரம் சாரையும், மறுபடி வந்து பெஞ்சில் காத்திருந்த சரோஜா அம்மாவையும், கூடவே எல்லாப் பிரிவுகளையும் கூப்பிட்டார். “என்னோட எண்ணு தப்பு சார். அடிச்சிடுங்க. கௌதமன் எண்ணுதான் கரெக்டு” என்று சத்தமாகச் சொன்னார். பிறகு என் தோளில் கை போட்டு, “இவனுக்கு என்மேல கீற பொறாமைதான் சார் இந்தம்மா எண்ணெயக் காப்பாத்திச்சு. இவன் மட்டும் நல்லவனா இருந்திருந்தா, அந்தம்மா இன்னிக்கி டப்பாவெல்லாம் வூட்லயே வச்சிகினு குந்தியிருக்கணும்” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். லூர்துவுக்குத்தான். தன் தவறை இப்படி ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று சார் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். சரோஜா அம்மா கையெடுத்துக் கும்பிட்டார், அதுவும் அவரைத்தான். நான் சரியாக இருந்த ஒரே நாளையும் அவர் கொண்டுபோய்விட்டார். எண் தப்பானவரே தோற்றவர் என்று சொல்லி அன்று அவர்தான் டியூப்களைக் கழுவினார்; கழுவும்போதும் பாடினார். அவர் கழுவுவதைப் பார்க்கவும் கூட்டம் கூடியது. நான் இத்தனை வருடம் கழுவியபோது ஒருவர் எட்டிப் பார்த்தது கிடையாது.

அதற்குப் பிறகு கிழக்கு ஜன்னலை மூடிவிட்டோம். ஒரே பெட்டியிலிருந்து இருவருக்கும் புது டியூப்கள் வந்தன, கதவு வைத்த அலமாரி வந்தது. அதில் மேல்தட்டு வென்றவருக்கு, கீழ்த்தட்டு தோற்றவருக்கு. மேல்தட்டில் எப்போதும் அவருடைய டியூப்கள்தான். மற்றபடி எதுவும் மாறவில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான். கடலை எண்ணெய் ஒன்றும் அதோடு மருந்து கலந்த எண்ணெய் ஒன்றும் இருந்தன. அவர் பாடிக்கொண்டே குலுக்கினார், நான் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பேருடைய டியூப்களையும் ஃப்ரீசரில் வைத்தோம். “திங்கக்கெழம ஊத்திக்கலாம் நைனா. நாளைக்கி பூசைக்குப் போவணும்” என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். இன்னும் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம். நிற்க இடமில்லை. துறைமுகத்துக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், படகுக்காரர்கள், பாடகர் குழு, சரோஜா அம்மா என்று ஊரே திரண்டிருந்தது. எனக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். என் மகள் நான் பார்த்தறியாத அழுகையாக அழுதாள். குழியில் ஒரு பிடி மண்ணைப் போட்டபோது, இனிமேல் யாரைப் பார்த்து எரிவது என்று எனக்குள் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது, நிற்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். ஃப்ரீசரில் இரண்டு ஸ்டாண்டுகள். ஒன்றில் மார்க்கர் பேனாவால் ‘லூ’ என்று எழுதியிருந்தது. “அத எடுத்துக் கொட்டிடுங்க கௌதமன். நீங்க மறுபடி தனியாப் பண்ணிக்கலாம்” என்றார் சுந்தரம் சார். முடியாது என்றேன். இரண்டு பாதியும் இருந்தால்தான் அறிக்கை, அதுதானே முறை.

கதவைத் திறந்து தலையையும் தோளையும் குளிருக்குள் நுழைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, என்னுடையதை ஊற்றினேன். அடுத்து அவருடையதையும் நானே ஊற்றினேன். ஒரே கை, ஒரே பதம், ஒரே நேரம். எதுவும் கலங்கவில்லை. ஊற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்றால், அன்று இரண்டு ரெகவரியும் ஒன்றாகத்தான் வந்திருக்க வேண்டும்.

அவருடையதுதான் கூடுதல்.

கருவியில் இரண்டையும் மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான். சூட்சுமம் ஊற்றுவதில் இல்லை. குலுக்குவதில் இருந்திருக்கிறது. அவருக்கே அது தெரியுமா தெரியாதா என்று இனி யாரிடம் கேட்பது? இத்தனை வருடமும் நான் ஃப்ரீசருக்குள் தலையை விட்டு அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டிய நேரத்தில், கூட்டம் அவருக்குத் தாளம் போடுவது பொறுக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் எப்படிக் குலுக்கினார், மேலும் கீழுமாகவா, சுழற்றியா, பாட்டின் தாளத்துக்கா, எங்கே நிறுத்தினார், எதுவும் எனக்குத் தெரியாது. தாளம் போட்டவர்களைக் கேட்டேன். எல்லோருக்கும் பாட்டுதான் ஞாபகம் இருக்கிறது, கை ஞாபகம் இல்லை.

தோற்றவன் கழுவ வேண்டும். இரண்டு பேருடைய டியூப்களையும் சோப்பு போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, கரைப்பானில் அலசினேன். என்னுடையதைக் கீழ்த்தட்டில் வைத்தேன். ‘லூ’ என்று எழுதிய ஸ்டாண்டை மேல்தட்டில் வைத்து அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

நேற்று புதிதாக ஒரு நல்லெண்ணெய் வந்தது. டியூபைக் கையில் எடுத்ததும், கேட்டுக் கேட்டு எரிந்துபோன அந்த மெட்டு தானாக வாயில் வந்தது. பாடிக்கொண்டே குலுக்கிப் பார்த்தேன். தண்ணீர்ப் பிரிவிலிருந்து ஒருவர், மசாலாப் பிரிவிலிருந்து ஒருவர் என்று வாசலில் வந்து நின்றார்கள். யாரும் தாளம் போடவில்லை. பாட்டில் என் முகத்தைக் கிண்டல் செய்கிற இடம் வந்தபோது என்னால் மேலே பாட முடியவில்லை.

டியூப் இப்போது ஃப்ரீசரில் இருக்கிறது. திங்கட்கிழமை ஊற்றுவேன். போய் வா, லூர்து. என்ன எண் வந்தாலும் நானே கழுவிக்கொள்கிறேன்.